காலுக்குப் பூட்ஸா, பூட்ஸுக்குக் காலா?

(இராணிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த மாணவர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் காலணித் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் அப்பர் தைத்த தொழிலாளி. பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



ரெண்டு நாளா இங்கே பஞ்சமி நிலம் பேசியாச்சு, இட ஒதுக்கீடு பேசியாச்சு, வன்கொடுமைச் சட்டம் பேசியாச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின இந்த நேரத்தை என்கிட்ட குடுத்துட்டு, "அக்கா, ஜீன்ஸுக்குப் போடற மாதிரி லேஸ் கட்டற பூட்ஸ், கால் வலிக்காம எப்படிப் பார்த்து வாங்கறது? நீங்கதான் கம்பெனியில தைச்சவங்க, சொல்லுங்க" என்று தம்பிகள் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த மூத்த தோழர் ஒருத்தர் முகத்தைச் சுளிச்சார். முகாமில் இதையெல்லாமா பேசறது என்று. அவருக்கும் சேர்த்துத்தான் பேசறேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தங்கம் வெள்ளி போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பானை தவிர வேறே பாத்திரம் கூடாது. பெண்கள் மேலே துணி போடக் கூடாது. கடைசியா, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலுக்குச் செருப்புப் போடக் கூடாது. மீறின இடத்தில் குடிசையைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழிச்சார்கள், ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனார்கள். அடுத்த வருஷமே எட்டு பதினொண்ணாச்சு.

அது தொண்ணூறு வருஷத்துக் கதை என்று யாராவது சொன்னால், 2023 டிசம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர். அந்த ஊரில் ஒரு தெருவில் நம்ம ஜனங்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அறுபது பேர் அளவில் சேர்ந்து, காலில் செருப்போடு அந்தத் தெருவில் நடந்தார்கள். நடந்தது முந்நூறு மீட்டர் தூரம். அந்த முந்நூறு மீட்டர் நடக்கறதுக்கு சுதந்திரம் வந்து எழுபத்தாறு வருஷம் ஆச்சு.

ஜீன்ஸுக்கும் இதே கதைதான். 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூணும் எரிஞ்சது. அடுத்த மாசம் ஒரு சாதிக் கட்சியின் தலைவர் ஊர் ஊராப் போய், நம்ம பையன்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டு அவர்கள் வீட்டுப் பெண்களை மயக்கறதாகப் பேசினார். நம்ம வீடு எரிஞ்சதைவிட நம்ம பையன் காலில் இருக்கற துணிதான் அவருக்கு உறுத்திச்சு. அதனால ஜீன்ஸும் பூட்ஸும் சில்லறை விஷயம் என்று என்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தேன். போடக் கூடாதுன்னு சொன்னான், அதனால போடறோம். சரி. எப்படிப்பட்டதை வாங்கறோம்? எதிரே டீக்கடையில் உட்கார்ந்து முறைக்கிறவன் கண்ணுக்குப் பளிச்சுனு தெரியற மாதிரி வாங்கறோம். முனை கூரா, குதிகால் உசரமா, ரெக்ஸின் மினுமினுன்னு. கால் கதறுது. சாயங்காலம் விடுதிக்கு வந்து கழட்டினா சுண்டுவிரலில் கொப்புளம், குதிகாலில் தோல் உரிஞ்சிருக்கு. வலிக்குதாப்பான்னு கேட்டா, "புது பூட்ஸ்ன்னா அப்படித்தான்க்கா" என்கிறான். யார் சொன்னது அப்படித்தான் என்று? அவன் பார்க்கறதுக்காக வாங்கினால், வேண்டாம்னு சொன்ன நாளிலும் அவனே முடிவு பண்ணான், வேணும்னு போடற நாளிலும் அவனே முடிவு பண்றான். நம்ம கால் எப்போ பேசறது?

சரி, காலிலிருந்து ஆரம்பிப்போம்.

நம்மில் பாதிப் பேர் பத்து வயசு வரைக்கும் வெறுங்காலில் திரிஞ்சவங்க. அதனால விரல்கள் விரிஞ்சு, முன்பாதம் அகலமா இருக்கும். கடைக்காரப் பையன் பார்த்துட்டு, "உங்க கால் ரொம்ப அகலம் சார், பூட்ஸுக்கு செட் ஆகாது" என்கிறான். நம்ம ஆளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வர்றான், என்னமோ காலில் குறை இருக்கிற மாதிரி. குறை ஒண்ணும் இல்லை. மணிப்பாலில் ரெண்டு டாக்டர்கள் 2,300 குழந்தைகளின் பாதத்தைச் சோதிச்சு 1992இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த குழந்தைகளில் நூத்துக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 பேருக்குத்தான். வெறுங்காலில் வளர்ந்த பாதம் நல்லா வளர்ந்த பாதம். (அதுக்காக வெறுங்காலே நல்லதுன்னு யாராவது நமக்குப் பாடம் நடத்த வந்தா, முதல்ல அவர் வீட்டுப் பிள்ளையின் ஷூவைக் கழட்டிட்டு வரட்டும். முள்ளும் ஆணியும் கொக்கிப் புழுவும் நாம பார்த்தது.)

கால் சரியா இருக்கு, அப்போ எது சரியில்லை? லாஸ்ட். பூட்ஸை எதன் மேலே இழுத்துக் கட்டி உருவாக்கறமோ, அந்தக் கால் மாதிரிக் கட்டைக்குப் பேர் லாஸ்ட். முந்தி மரத்தில் செய்வாங்க, இப்போ பிளாஸ்டிக். இந்தியாவில் ரொம்ப காலமா இங்கிலாந்து சைஸ்தான். கம்பெனியில் நாங்க தைச்ச லாஸ்ட் எல்லாம் வெளிநாட்டுக்காரன் காலுக்கு. அது தப்பில்லை, அங்கே போற சரக்குக்கு அங்கத்திய அளவு. ஆனா அதே லாஸ்டில் செய்ததை இங்கேயும் வித்தால், அகலம் பத்தாம நம்ம ஆள் ஒரு சைஸ் ரெண்டு சைஸ் கூட்டி வாங்கறான். அகலம் சரியாயிடுது, நீளம் கூடிப் போயிடுது. உள்ளே கால் முன்னும் பின்னும் ஓடுது. கொப்புளத்துக்குக் காரணம் அதுதான். சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரைக்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேலான ஆட்களின் பாதத்தை 3டி ஸ்கேன் எடுத்தது. பொதுவாக இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று தெரிஞ்சது. இங்கத்திய காலுக்கு இங்கத்திய சைஸ் முறை ஒண்ணு கொண்டு வரணும், அதுக்கு 'பா' என்று பேர் வைக்கலாம் என்று பரிந்துரை ஆச்சு. நாம அதுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. ஒரு பேப்பரும் பென்சிலும் போதும்.

சாயங்காலம் அளவெடுங்க. காலையில் இருக்கிற கால் சாயங்காலம் இருக்காது, நின்னு நடந்து வீங்கி இருக்கும். காலையில் வாங்கினது சாயங்காலம் கடிக்கும். போடப்போற சாக்ஸைப் போட்டுக்கிட்டு, பேப்பர் மேலே நின்னு — உட்கார்ந்து இல்ல, நின்னு, எடை முழுக்க இறங்கணும் — பென்சிலை நேராப் பிடிச்சுச் சுத்தி வரைங்க. ரெண்டு காலும் வரைங்க. ஒரு கால் இன்னொரு காலைவிடப் பெரிசா இருக்கும், பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான். பெரிய காலுக்கு வாங்குங்க. சின்னதுக்குள்ளே ஒரு மெல்லிய இன்சோல் போட்டுக்கலாம். சில பேருக்குக் கட்டைவிரலைவிட ரெண்டாவது விரல் நீளமா இருக்கும். அவங்க அந்த விரல் நுனியிலிருந்து அளக்கணும். நீளத்தையும், விரல் அடிமூட்டுக் கிட்ட இருக்கிற அகலத்தையும் சென்டிமீட்டரில் எழுதி பர்ஸில் வச்சுக்குங்க. இங்கிலாந்து முறையில் ஒரு முழு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் எட்டரை மில்லிமீட்டர்தான். ஐரோப்பிய முறையில் இன்னும் குறைவு, ஆறே முக்கால் பக்கம். சாக்ஸ் தடிமனை மாத்தினாலே அரை சைஸ் போயிடும், பார்த்துக்குங்க.

கடையில் போட்டுப் பார்க்கும்போது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இடம் வேணும். விரல்களை உள்ளே ஆட்டிப் பாருங்க, பியானோ வாசிக்கிற மாதிரி ஆடணும். பாதத்தின் அகலமான இடமும் பூட்ஸின் அகலமான இடமும் ஒண்ணா வரணும். பூட்ஸ் மடங்கற இடமும் அதுவேதான். இதை நிறையப் பேர் பார்க்கறதில்லை. நீளம் சரியா இருந்தும் மடிப்பு தப்பான இடத்தில் விழுந்தா, நடக்க நடக்க விரல் மேலே தோல் மடிஞ்சு கத்தி மாதிரி அறுக்கும். குதிகால் லேசா எழும்பினா பரவாயில்லை, புதுத் தோல் பழகினா அடங்கிடும். பொத்து பொத்துன்னு எழும்பினா அது உங்க லாஸ்ட் இல்லை. கடையில் கார்ப்பெட் மேலே நடக்காதீங்க, வெளியே சிமெண்ட் தரையில் ஒரு பத்து நிமிஷம் நடந்து பார்க்கறேன்னு கேளுங்க. மாடிப்படி இருந்தா இறங்கிப் பாருங்க. இறங்கும்போது விரல் முன்னால் இடிச்சா சைஸ் பத்தலை. கடைக்காரன் முறைப்பான். முறைக்கட்டும், காசு நம்முது.

அடுத்து, எந்த மாதிரிப் பூட்ஸ். ஜீன்ஸுக்கு கணுக்கால் மூடற உசரம் போதும், ஆறங்குலம்னு சொல்வாங்க. ஓட்டை ஆறேழு ஜோடி இருக்கும். எட்டங்குலம், பத்தங்குலம் மிலிட்டரி மாதிரி இருக்கு, நம்ம வெயிலுக்குக் கால் வெந்துடும், ஜீன்ஸும் மேலே ஏறாது. வேற ஒரு சங்கடமும் இருக்கு. ராத்திரி இருட்டில் அந்த பூட்ஸ் சத்தத்தோட காலனிக்குள்ளே நடந்து வந்தா, போலீஸ் ரெய்டு வருதுன்னு ஜனம் ஓடும். (சிரிப்பு)

லேஸ் மாட்டற அமைப்பு ரெண்டு விதம். ஒண்ணில் லேஸ் ஓட்டை இருக்கிற ரெண்டு மடலும் முன்பக்கத் தோலுக்கு அடியிலே தைச்சு மூடியிருக்கும். இன்னொண்ணில் ரெண்டு மடலும் மேலே தைச்சு, புத்தகம் மாதிரி விரியத் திறக்கும். இந்த விரியற மாதிரியைத்தான் நம்ம ஆட்கள் வாங்கணும். புறங்கால் உசரமா இருந்தாலும், அகலமா இருந்தாலும் தளர்த்தி இறுக்கி சரிபண்ணிக்கலாம். நடுவிலிருக்கிற நாக்கு — ஆமா, அதுக்குப் பேர் நாக்குத்தான் — ரெண்டு ஓரமும் மேல்தோலோட சேர்த்துத் தைச்சிருக்கான்னு பாருங்க. அப்படி இருந்தா மழைத்தண்ணியும் மண்ணும் உள்ளே போகாது, நாக்கு ஒரு பக்கமா நழுவாது. குதிகாலைச் சுத்தி விறைப்பா ஒரு துண்டு உள்ளே வச்சிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்க, நசுங்கக் கூடாது. அதுக்குக் கம்பெனியில் பேரு கவுண்டர். ஜாதி இல்லைப்பா, இங்கிலீஷ் வார்த்தை. (சிரிப்பு) எந்த பூட்ஸா இருந்தாலும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்க. தையல் முடிச்சு, ஆணி முனை, மடிஞ்ச லைனிங் எதுவும் கையில் நெருடக் கூடாது. கை சொல்ற அந்த நெருடல்தான் நாளைக்குக் கொப்புளம்.

தோலைப் பார்க்கத் தெரியணும். இதை நாம தெரிஞ்சுக்காம வேற யார் தெரிஞ்சுக்கறது? 'ஒரிஜினல் லெதர்' என்று எழுதியிருந்தா நம்பாதீங்க. வெட்டின ஓரம் ஏதாவது வெளியே தெரியும், நாக்கின் நுனியில் பாருங்க. நார் நாராத் தெரிஞ்சா தோல். அடியில் துணி நெசவு தெரிஞ்சா ரெக்ஸின். விரலால் அழுத்தினா நல்ல தோலில் சின்னச் சின்ன சுருக்கம் விழுந்து, விட்டதும் போகும். மேலே பெயின்ட் அடிச்ச மட்டத் தோல் பிளாஸ்டிக் மாதிரி ஒரே மழமழப்பா இருக்கும், ஆறு மாசத்தில் மடிப்பில் வெடிக்கும். தோலைத் தூளாக்கி கோந்து போட்டு ஒட்டின சரக்கும் லெதர்னு பேர் வச்சு வருது, அது இன்னும் சீக்கிரம் உரியும். காசு இல்லாட்டி ரெக்ஸின் வாங்கறதில் அவமானம் ஒண்ணும் இல்லை. ஆனா அது காலோட பழகாது, தோல் மாதிரி விட்டுக் கொடுக்காது. அதனால ரெக்ஸின் வாங்கினா முதல் நாளே நூத்துக்கு நூறு சரியா இருக்கணும்.

அடியில் சோல். ஓரத்தில் சுத்திலும் ஒரு பட்டை வச்சு, மேல்தோலையும் சோலையும் அதில் தைச்சிருந்தா அதுக்கு வெல்ட் பூட்ஸ்னு பேரு. விலை கூட. ஆனா சோல் தேய்ஞ்சா பிரிச்சு வேற சோல் போடலாம். பசையில் ஒட்டினது எடை குறைவு, விலை குறைவு, அடி விட்டுடுச்சுன்னா மறுபடி ஒட்டறதுதான். சில கம்பெனிக்காரன் ஒட்டின பூட்ஸுக்கே ஓரத்தில் சும்மா தையல் மாதிரி அச்சு போட்டு வைப்பான், ஏமாறாதீங்க, நூல் உள்ளே போகுதான்னு பாருங்க. நம்ம மழைக்கும் சேத்துக்கும் ரப்பர் சோல்தான் சரி. தோல் சோல் வழுக்கும், ஊறும். பி.யூ. சோல் மெத்துனு இருக்கும், எடை இல்லை. ஆனா நல்ல நாள் பெரிய நாளுக்குப் போடலாம்னு நாலு வருஷம் டப்பாவில் வச்சிருந்தீங்கன்னா, ஈரக் காத்திலேயே அது உள்ளுக்குள்ளே சிதைஞ்சு, போட்ட அன்னிக்கே பொரிகடலை மாதிரி உதிரும். பி.யூ. வாங்கினா எடுத்துப் போடுங்க, வச்சுப் பூஜை பண்ணாதீங்க. கடைசியா பூட்ஸை ரெண்டு கையிலும் பிடிச்சு வளைங்க. விரல் அடிமூட்டு இடத்தில் வளையணும். நட்ட நடுவில் வளைஞ்சா உள்ளே தாங்குபட்டை வைக்கலைன்னு அர்த்தம். சாயங்காலம் பாதம் நோகும்.

இந்த லாஸ்ட் பத்திச் சொல்லும்போது ஒருத்தரைப் பத்திச் சொல்லாம நான் போகவே மாட்டேன். யான் மாட்செலிகர். தென் அமெரிக்காவில் சுரினாம் நாட்டுல பரமரிபோ ஊரில் 1852இல் பிறந்தார். அப்பா டச்சுக்கார இன்ஜினியர், அம்மா கறுப்பினப் பெண். பத்தொன்பது வயசில் கப்பலில் ஏறி, 1877இல் அமெரிக்காவில் லின் என்கிற ஊருக்கு வந்தார். அது அவங்க நாட்டு ஆம்பூர் மாதிரி, ஊர் முழுக்க ஷூ கம்பெனி. அந்தக் காலத்தில் அப்பர் தைக்க மெஷின் வந்தாச்சு. ஆனா அந்த அப்பரை லாஸ்ட் மேலே இழுத்து, மூக்குலயும் குதிகாலிலும் சுருக்கம் சுருக்கமா மடிச்சு ஆணி அடிக்கிறது கையாலதான். ஒரு நல்ல கைக்காரர் ஒரு நாளைக்கு அம்பது ஜோடி. அந்த வேலையை மெஷின் செய்யவே முடியாதுன்னு அந்தத் தொழிலாளிங்க மார்தட்டிக்கிட்டாங்க. மாட்செலிகர் பகலில் கம்பெனியில் வேலை, ராத்திரியில் இங்கிலீஷ் படிப்பு. அப்புறம் வாடகை அறையில் பழைய மரத்துண்டு, சுருட்டுப் பெட்டி, கம்பி வச்சு மாதிரி மெஷின் செய்து பார்த்தார். 1883 மார்ச் 20இல் காப்புரிமை கிடைச்சது. அந்த மெஷின் ஒரு நாளைக்கு நூத்தம்பதிலிருந்து எழுநூறு ஜோடி வரைக்கும் இழுத்தது. ஷூ விலை பாதியாச்சு, ஏழை ஜனங்க காலுக்குத் தோல் ஷூ வந்தது. அவர் 1889இல் காசநோயில் செத்துப்போனார், வயசு முப்பத்தாறு. அந்த ஊரில் வெள்ளைக்காரங்க சர்ச்சுகளில் உறுப்பினரா சேர்க்க மாட்டோம்னு திருப்பி அனுப்பினவங்க இருந்தாங்க. சேர்த்துக்கிட்ட ஒரே சர்ச்சுக்குத் தன் பங்கில் ஒரு பாகத்தை எழுதி வச்சுட்டுப் போனார். நீங்க இன்னிக்கு எந்த நாட்டில், எந்தக் கடையில் பூட்ஸ் வாங்கினாலும் அந்த மூக்குச் சுருக்கத்தில் அவர் கை இருக்கு. தோலில் வேலை செய்யறவனுக்கு மூளை எதுக்குன்னு கேக்கறவன்கிட்ட இதைச் சொல்லுங்க.

ஜீன்ஸும் அப்படித்தான், கூலிக்காரன் துணி. நெவாடாவில் ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர். மரம் வெட்டறவர் ஒருத்தரின் மனைவி வந்து, எத்தனை தைச்சாலும் என் வீட்டுக்காரர் கிழிச்சுடறார், கெட்டியா ஒண்ணு தைச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க. பாக்கெட் மூலையில் செம்பு ஆணி அடிச்சுக் கொடுத்தார். லீவை ஸ்ட்ராஸ்கூட சேர்ந்து 1873 மே 20இல் காப்புரிமை வாங்கினார். ஜீன்ஸுக்கு இளைஞர்கள் போடற டாக்டர் மார்டென்ஸ் பூட்ஸ் கதையும் வலியிலிருந்துதான் வந்தது. ஜெர்மன் டாக்டர் ஒருத்தர் 1945இல் பனிச்சறுக்கில் கணுக்காலை உடைச்சுக்கிட்டார். பட்டாளத்து பூட்ஸ் போட முடியலை, மெத்துனு காத்தடைச்ச சோல் செய்தார். ஆரம்பத்தில் அதை விரும்பி வாங்கினவங்க பெரும்பாலும் வயசான பொம்பளைங்க. இங்கிலாந்தில் 1960 ஏப்ரல் 1இல் அந்த சோலோட பூட்ஸ் வந்தது, தேதியையே நம்பரா வச்சு 1460. தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் போட்டாங்க. அப்புறம் நிறவெறிக் கும்பலும் போட்டுச்சு, நிறவெறிக்கு எதிரா பாட்டுப் பாடினவங்களும் போட்டாங்க. பூட்ஸுக்குக் கட்சி கிடையாது.

ஜீன்ஸோட எப்படிப் போடறதுன்னுதானே கேட்டீங்க. பூட்ஸ் வாங்கப் போகும்போது அந்த ஜீன்ஸைப் போட்டுக்கிட்டே போங்க. நேரா இறங்கற கால் என்றால் பூட்ஸ் மேலே தானா விழும், ஒண்ணும் யோசிக்க வேண்டாம். பென்சில் கால் என்றால் பூட்ஸ் வாயில் சிக்கிக்கும். ஒரு மடிப்பு வெளியே மடிச்சு பூட்ஸ் மேல்விளிம்புக்குச் சரியா நிறுத்துங்க, உள்ளே திணிக்காதீங்க. நீளம் குறைக்க டெய்லர்கிட்ட போறப்போ வெறுங்காலோட போகாதீங்க, பூட்ஸைப் போட்டுக்கிட்டுப் போய் குறி வைக்கச் சொல்லுங்க. நீல ஜீன்ஸுக்குப் பழுப்பு, கறுப்பு ரெண்டும் சேரும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும்னா கறுப்பு வாங்குங்க, நேர்முகத் தேர்வுக்கும் ஆகும்.

தங்கச்சிகளுக்குத் தனியாச் சொல்றேன். 2005இல் இங்கே பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. இன்னும் எத்தனையோ கல்லூரியில் போர்டு தொங்குது. ஊர்க்காரன் தடையும் நிர்வாகத்தின் தடையும் ஒரே கையெழுத்துதான். நம்ம வீட்டிலேயும் அண்ணன் தம்பிங்க சில பேர், தான் ஜீன்ஸ் போட்டா விடுதலை, தங்கச்சி போட்டா திமிர்னு பேசறாங்க, அந்தத் தம்பிங்க இங்கேயும் உட்கார்ந்திருக்காங்க. கடையில் பெண்களுக்குன்னு தனியா வச்சிருக்கிற பூட்ஸ் குறுகலா, உசரக் குதிகாலோட இருக்கும். ஆம்பளைங்க பக்கம் போய் அதே இங்கிலாந்து சைஸ் கேளுங்க, அகலமும் கிடைக்கும், உழைப்பும் கிடைக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

லேஸ் கட்டறதில்தான் இந்த பூட்ஸின் சுகமே இருக்கு. மாட்டற பூட்ஸில் இது கிடையாது. விரல் பக்கம் தளர்வா விடுங்க. கணுக்கால் மடியற இடத்தில் ரெண்டு சுத்து சுத்தி இறுக்கி, அதுக்கு மேலே சாதாரணமாக் கட்டுங்க. குதிகால் பின்னாலேயே நிக்கும், முன்னால் ஓடாது. புறங்காலில் எலும்பு உறுத்தினா அந்த ஒரு இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாம நேரா மேல் ஓட்டைக்கு ஏத்துங்க. முடிச்சு அடிக்கடி அவிழுதா? கட்டின காதுகள் பாதத்துக்குக் குறுக்கே படுத்திருக்கணும். நீளவாக்கில் நின்னா தப்பு முடிச்சு, முதல் முடிச்சை எதிர்ப்பக்கமாப் போடுங்க, அப்புறம் ஊர்வலம் முடியற வரைக்கும் அவிழாது.

ஒண்ணு சொல்லாம விடக் கூடாது. நீங்க வாங்கற தோல் இந்தப் பாலாற்றங்கரையில் பதப்படுத்தினது. ஒரு ஜோடி பூட்ஸுக்குத் தோல் ஊற வச்சவன், குரோம் தண்ணியில் கை விட்டவன், அப்பர் தைச்ச பொம்பளை எல்லாம் பெரும்பாலும் நம்ம தெருக்காரங்க. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் போட்ட வழக்கில் தோல் ஆலைக் கழிவுக்கு ஆலைக்காரனே பொறுப்புன்னு தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரி கடைசியில் இதே இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிங்க 10 பேர் செத்தாங்க, பெரும்பாலானவங்க வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவங்க. நான் வேலை செய்த ஒரு கம்பெனியில் ஏற்றுமதி பூட்ஸுக்கு அப்பர் தைச்ச எண்பது பொம்பளைங்களும் ரப்பர் செருப்போடதான் மெஷின் மிதிச்சோம். உள்ளே போகும்போது அதையும் வாசலில் கழட்டிடணும்னு ஒரு மேலாளர் சொன்னார், தரை அழுக்காகுதாம். நாலு நாள் யாரும் மெஷினில் உட்காரலை. அஞ்சாவது நாள் செருப்போட உள்ளே போனோம்.

அதனால வாங்கினதைப் பாதுகாத்து வைங்க, அது நம்ம ஆள் உழைப்பு. தினமும் அதையே போடாதீங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா உள்ளே இருக்கிற வேர்வை காயும். நனைஞ்சா வெயிலில் வைக்காதீங்க, தோல் வெடிக்கும். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே அடைச்சு நிழலில் வைங்க. ஈரத் துணியால் துடைச்சு, காய்ஞ்ச பிறகு பாலிஷ். குதிகால் ஓரம் தேய ஆரம்பிச்ச உடனே பஸ் ஸ்டாண்டில் குடை கட்டி உட்கார்ந்திருக்கிற அண்ணன்கிட்ட கொண்டு போங்க. முழுசாத் தேய்ஞ்ச பிறகு போனா அவரும் ஒண்ணும் செய்ய முடியாது. அவர்கிட்ட 'ஏய், வா, போ' வேண்டாம். பேரம் பேசாதீங்க. நிழலில் ஓரமா உட்கார்ந்து அவர் குத்தூசி பிடிக்கிறதை ஒரு தடவை பாருங்க, எந்தக் கம்பெனி மெஷினும் போடாத தையல் அது.

மணி ஒண்ணே கால் ஆச்சு, சாப்பாட்டுக்குக் கூப்பிடறாங்க. பின்னால் பெஞ்சு மேலே பேப்பரும் நாலு பென்சிலும் வச்சிருக்கேன். சாப்பிட்டு வந்து வரிசையா நின்னு காலை வரைஞ்சுக்குங்க. காலை வெளிய நீட்டக் கூச்சப்படாதீங்க, முதல்ல அந்த முகம் சுளிச்ச தோழர் வரட்டும். மறுபடி சாயங்காலம் ஒரு தடவை வரைஞ்சு, ரெண்டையும் வச்சுப் பாருங்க.